பி38 ஒரு சுவிட்ச் அல்ல

உயிர்வேதியியல், நோயெதிர்ப்பியல் வகுப்பறைகளில் ஒரு வாக்கியம் ஏறத்தாழ 30 ஆண்டுகளாகக் கேள்வியின்றி உலவி வருகிறது: "பி38 அழற்சியின் தலைமைச் சுவிட்ச்." பாடக்குறிப்புகளிலும், விளக்கப்படங்களிலும், ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் சிறுசிறு மாற்றங்களுடன் இதே வாக்கியம்தான் இடம்பெறுகிறது. படத்தின் மேலே பாக்டீரியா, நடுவில் பி38, கீழே அழற்சி. மூன்றையும் இணைக்க இரண்டு அம்புக்குறிகள். அப்படத்தைப் பார்க்கும் மாணவர் எவரும் நடுவில் உள்ளதை அணைத்தால் கீழே உள்ளதும் அணைந்துவிடும் என்ற முடிவுக்கே வருவார். இந்த முடிவு தவறானது. அது தவறு என்பது நோயாளிகளின் உடலில், பெரும் பொருட்செலவில், ஒருமுறைக்குப் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டும் விட்டது. வாக்கியம் மட்டும் வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை.

இது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. எந்தச் சோதனையைச் செய்வது, எதை அளப்பது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் இச்சொல்தான் தீர்மானித்துக் கொண்டிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்க்கலாம். ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஒரு புரதத்தின்மேல் ஏற்றும் நொதிக்குப் புரத கைனேஸ் என்று பெயர். மனித மரபணுத் தொகுதியில் இத்தகையவை 500க்கும் மேல் உள்ளன. பி38 அவற்றுள் ஒரு சிறு குடும்பம். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு வடிவங்கள் கொண்டது. அழற்சியைப் பற்றிய பேச்சில் 'பி38' எனச் சுட்டப்படுவது பெரும்பாலும் ஆல்ஃபா வடிவமே. பாக்டீரியாவின் புறச்சவ்வுப் பொருளான எல்.பி.எஸ்., இன்டர்லூகின்-1, புறஊதாக் கதிர், உப்புச்செறிவின் ஏற்றம் ஆகியவற்றுள் எது தாக்கினாலும், எம்.கே.கே.3, எம்.கே.கே.6 என்னும் மேல்நிலைக் கைனேஸ்கள் பி38 ஆல்ஃபாவின் 180ஆம் இடத்துத் திரியோனைனிலும் 182ஆம் இடத்து டைரோசினிலும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பி38 செயல்நிலை பெறுகிறது. வெவ்வேறான இத்தனை காரணங்கள் ஒரே அடையாளத்தில் வந்து முடிகின்றன. அப்படியானால், அந்த அடையாளத்தை மட்டும் பார்த்து எது நிகழ்ந்தது, இனி எது நிகழும் என்று சொல்லிவிட முடியுமா? சுவிட்ச் என்ற சொல்லின்மீது எழ வேண்டிய முதல் ஐயம் இதுதான். பாடப்புத்தகம் அதை எழுப்புவதே இல்லை.

இப்புரதத்தின் பெயர் வரலாறும் இதையே சொல்கிறது. 1994இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் வெவ்வேறு வாசல்களின் வழியே இதே புரதத்தை வந்தடைந்தன. எல்.பி.எஸ். தாக்கத்தால் பாஸ்பேட் ஏறும், 38 கிலோடால்டன் எடையுள்ள புரதமாக இதைக் கண்ட குழு எடையை வைத்துப் பி38 என்றது. ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனத்தாரிடம் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 ஆகிய சைட்டோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் முன்னரே இருந்தன. அவை எதனோடு பிணைகின்றன என்று தேடிய அவர்கள், சைட்டோகைனை அடக்கும் மருந்தைப் பற்றும் புரதம் என்ற பொருளில் சி.எஸ்.பி.பி. என்றனர். வெப்பத்தாலும் பிற நெருக்கடிகளாலும் தூண்டப்பட்டு எம்.கே.2 என்னும் அடுத்த கைனேஸை எழுப்பும் நொதியாகக் கண்டவர்கள், மீளச் செயலூட்டும் கைனேஸ் என்ற பொருளில் ஆர்.கே. என்றனர். இதற்கு ஓராண்டு முன்பே ஈஸ்டில் இதன் உறவுப் புரதம் ஹாக்1 என்ற பெயரில் அறியப்பட்டிருந்தது. உப்புச்செறிவு மிகும்போது செல்லைக் காப்பது அதன் வேலை. ஈஸ்டுக்கு அழற்சியும் இல்லை, நோயெதிர்ப்புச் செல்லும் இல்லை.

ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு கோட்பாடு இருந்தது. எடையைச் சுட்டும் பெயர் எதையும் உறுதியளிக்கவில்லை. மருந்தைச் சுட்டும் பெயரோ, இப்புரதம் இருப்பதே அடக்கப்படுவதற்காகத்தான் என்பதுபோல் ஒலித்தது. காலப்போக்கில் நிலைத்த பெயர் பி38. நிலைத்த பொருளோ சி.எஸ்.பி.பி.யுடையது. ஒரு பொருளுக்குப் பல சொல் அமைவதையும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் அமைவதையும் தொல்காப்பியம் உரியியலில் பேசுகிறது. முதலாவது நிலையை உயிரியல் தன் பெயர்ப்பட்டியல்களால் ஒருவாறு சமாளித்துக்கொண்டது. இரண்டாவது நிலையை, அதாவது ஒரே பி38க்கு இடத்திற்கு ஏற்பப் பொருள் மாறும் என்பதை, அது பாடத்தில் ஏற்கவே தயங்குகிறது.

சுவிட்ச் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. உண்மை இருந்ததால்தான் அது இத்தனை காலம் நின்றது. டி.என்.எஃப்.-இன் தூது ஆர்.என்.ஏ.யின் வால்பகுதியில் அடினைனும் யுராசிலும் செறிந்த ஒரு பகுதி உண்டு. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்னும் புரதம் அங்கே அமர்ந்து, அந்தத் தூது ஆர்.என்.ஏ. விரைந்து சிதையுமாறு செய்கிறது. பி38 எம்.கே.2ஐ எழுப்ப, எம்.கே.2 டிரிஸ்டெட்ராப்ரோலின்மேல் பாஸ்பேட்டை ஏற்றி அதன் கையைக் கட்டுகிறது. சிதைவு நிற்கிறது, டி.என்.எஃப். பெருகுகிறது. எம்.கே.2 நீக்கப்பட்ட எலிகளில் எல்.பி.எஸ். கொடுத்தபோது டி.என்.எஃப். உற்பத்தி பெருமளவு குறைந்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. நேர்த்தியான ஆய்வு, நேர்த்தியான முடிவு. ஆனால் இங்கேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி38 இங்கு டி.என்.எஃப்.-ஐ உண்டாக்கவில்லை, அழிப்பவனைச் சற்று நேரம் தடுத்து வைக்கிறது, அவ்வளவே. தூது ஆர்.என்.ஏ.யை எழுதும் வேலையில் என்.எஃப்.கப்பா-பி போன்ற வேறு பலருக்கும் பங்கு உண்டு.

இனி நோயாளிகளிடம் நடந்தது. டி.என்.எஃப்.-ஐச் செல்லுக்கு வெளியே பிடித்து முடக்கும் எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஆகிய மருந்துகள் 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. முடக்குவாதத்திலும் க்ரோன் குடல்நோயிலும் அத்தகைய மருந்துகள் நன்கு பயன்பட்டன. ஆகவே டி.என்.எஃப். தவறான இலக்கு அன்று. அதன் உற்பத்தியையே உள்ளே சென்று நிறுத்தும் ஒரு மாத்திரை இன்னும் மலிவாக, இன்னும் எளிதாக அமையும் என்ற எதிர்பார்ப்பும் நியாயமானதே. பல நிறுவனங்கள் பி38 தடுப்பான்களுடன் களம் இறங்கின.

வி.எக்ஸ்.-745 நாய்களில் நரம்பு நச்சுத்தன்மை காட்டியதால் 2001இல் அதன் முடக்குவாத ஆய்வு நிறுத்தப்பட்டது. பி.ஐ.ஆர்.பி.796 என்னும் தடுப்பான் 284 க்ரோன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2006இல் முடிவு வெளியானது, நோய் தணியவில்லை. பாமாபிமோட் முடக்குவாத நோயாளிகளிடம் பழைய, மலிவான மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஈடாகவில்லை என்று 2009இல் தெரிந்தது. லாஸ்மாபிமோட் மாரடைப்புக்கு உள்ளான 3,503 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவின்படி, அடுத்த இதயப் பாதிப்புகளை அது குறைக்கவில்லை. இன்றுவரை ஒரு பி38 தடுப்பானும் அழற்சி நோய்க்கான மருந்தாக மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை.

இத்தோல்விகளுக்குள் இருக்கும் ஒரு விவரம் தோல்வியைவிட முக்கியமானது. க்ரோன் நோயாளிகளிடம் அழற்சியின் குறியீடான சி.ஆர்.பி. அளவு முதல் வாரத்தில் குறைந்தது. மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்ட நிலையிலேயே எட்டாம் வாரத்திற்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. முடக்குவாத ஆய்வுகளிலும் இதே ஏற்ற இறக்கம் காணப்பட்டது. மருந்து இலக்கைத் தொட்டது, இலக்கும் அடங்கியது, அழற்சி மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது விளக்கு தானாக மீண்டும் எரிந்தால், அழுத்தப்படுவது சுவிட்ச்தானா என்று கேட்பதே முறை.

அழற்சி திரும்பி வந்த வழிகளில் சில ஏற்கெனவே ஆய்வகங்களில் அறியப்பட்டவை. பி38 தனக்கு மேலே உள்ள டாக்1 என்னும் கைனேஸின் துணைப்புரதமான டாப்1மேல் பாஸ்பேட்டை ஏற்றி, டாக்1இன் வேகத்தைக் குறைக்கிறது என்று 2003இல் காட்டப்பட்டது. பி38ஐத் தடுத்தால் இந்தக் கடிவாளம் அறுகிறது. டாக்1 வேகம் பெற்று, ஜே.என்.கே., என்.எஃப்.கப்பா-பி ஆகிய பிற வழித்தடங்களை முடுக்குகிறது. அடுத்து, பி38 எம்.எஸ்.கே.1, எம்.எஸ்.கே.2 என்னும் கைனேஸ்களையும் எழுப்புகிறது. இவை அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10க்கும், பி38இன் பாஸ்பேட்டையே கழற்றும் டி.யு.எஸ்.பி.1 நொதிக்கும் உரிய மரபணுக்களைத் தூண்டுகின்றன. எம்.எஸ்.கே. இரண்டும் இல்லாத எலிகள் எல்.பி.எஸ். அதிர்ச்சிக்கு மிகையாக ஆளாயின என்று 2008இல் வெளியானது. தீயை வளர்க்கும் கையும் தணிக்கும் கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. தடுப்பான் இரண்டையும் சேர்த்தே கட்டியது.

மூன்றாவது காரணம் செல்லின் வகை. எலித் தோலில் பி38 ஆல்ஃபாவை ஒரு வகைச் செல்லில் மட்டும் நீக்கிப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, மேல்தோல் செல்லில் அது செய்யும் வேலையும் மேக்ரோபேஜ் வகையறாச் செல்லில் செய்யும் வேலையும் வேறுவேறு என்றது. தோலைப் புண்படுத்தியது எது என்பதைப் பொறுத்தும் அவ்வேலை மாறியது. 2010இல் எலிக்குடலில் செய்த ஆய்வும் இதையே கண்டது: மேக்ரோபேஜ் வகையறாவில் பி38 ஆல்ஃபாவை நீக்கியபோது குடல் அழற்சி தணிந்தது, குடலின் உள்வரிச் செல்லில் நீக்கியபோது மிகுந்தது. வாயால் விழுங்கும் மாத்திரை இவ்விரண்டையும் பிரித்தறியாது.

இங்கே மொழியியல் உயிரியலுக்கு ஒரு சிறிய உதவி செய்யக்கூடும். சுவிட்ச், தளபதி, ஆணை போன்ற உருவகங்கள் பாஸ்பேட் ஏற்றத்தை ஏவல் வினையாகப் பார்க்கின்றன. 'எரி', 'அணை' என்றால் பொருள் அங்கேயே முடிந்துவிடும். பாஸ்பேட் ஏறிய பி38 உண்மையில் ஒரு வினையெச்சத்தைப் போன்றது. 'எடுத்து' என்பது மட்டும் காதில் விழுந்தால் பொருள் முடியாது. எடுத்து வைத்தான், எடுத்து எறிந்தான், எடுத்துச் சொன்னான் ஆகிய மூன்றும் வேறு வேறு செயல்கள்; எச்சம் ஒன்றே. முடிக்கும் வினையைத் தருவது அந்தச் செல்: அதில் டிரிஸ்டெட்ராப்ரோலின் எவ்வளவு, எம்.எஸ்.கே. எவ்வளவு, டி.யு.எஸ்.பி.1 எப்போது வருகிறது, பக்கத்துச் செல் எது என்பவை எல்லாம் சேர்ந்தே வாக்கியம் முடிகிறது. எச்சத்தை மட்டும் படித்துவிட்டு வாக்கியத்தின் பொருளை அறிவிக்கும் பழக்கத்தை எந்த இலக்கண ஆசிரியரும் ஏற்கமாட்டார். உயிரியல் ஆசிரியர் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இதற்கு மூன்று மறுப்புகள் வரும்.

முதலாவது, கற்பிக்க எளிமை வேண்டும் என்பது. வேண்டும்தான். ஆனால் எளிமைப்படுத்துதல் விவரத்தைக் குறைக்கலாம்; திசையை மாற்றக்கூடாது. 'பி38 அழற்சியைத் தூண்டும் வேலையிலும் தணிக்கும் வேலையிலும் பங்கு கொள்கிறது' என்ற வாக்கியம் முதுகலை மாணவருக்குப் புரியாத அளவுக்குக் கடினமானதன்று. தணிக்கும் அம்புக்குறி ஒன்றைப் படத்தில் சேர்க்க அரை நிமிடம் போதும்.

இரண்டாவது, தோற்றவை மருந்துகளே தவிர இலக்கு அன்று என்பது. கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் போதிய அளவு கொடுக்க முடியவில்லை, போதிய அளவு கொடுத்திருந்தால் பலன் கிடைத்திருக்கும் என்பார்கள். நச்சுத்தன்மை உண்மையான தடையே. சில மருந்துகளை அதுவே வீழ்த்தியது. ஆயினும் அளவு போதவில்லை என்றால் சி.ஆர்.பி. தொடக்கத்திலிருந்தே குறையாமல் இருந்திருக்க வேண்டும். குறைந்து பின் மீண்டதை அளவுக் குறைபாட்டால் மட்டும் விளக்க இயலாது, பின்னூட்டம் விளக்குகிறது.

மூன்றாவது, ஜானஸ் கைனேஸ்கள் வென்றனவே என்பது. டோஃபாசிடினிப் 2012இல் முடக்குவாதத்திற்கு அங்கீகாரம் பெற்றது உண்மை. ஆனால் ஜானஸ் கைனேஸ்கள் சைட்டோகைன் ஏற்பிகளோடு ஒட்டியே அமர்ந்திருப்பவை. அந்த ஏற்பிகளுக்கு அவற்றைச் சுற்றிச் செல்ல எளிதான மாற்றுவழி இல்லை. வலைப்பின்னலில் ஒரு கைனேஸ் எங்கே நிற்கிறது என்பதே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கிறது என்பதற்கு இது சான்று. எல்லாக் கைனேஸும் சுவிட்ச் என்பதற்குச் சான்று ஆகாது. அந்த வெற்றிக்கும் விலை உண்டு. இதய நோய், புற்றுநோய், இரத்த உறைவு ஆகிய அபாயங்களுக்கான கடும் எச்சரிக்கையை 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகை மருந்துகளுக்கு விரிவாக்கியது.

'இதெல்லாம் துறைக்குத் தெரிந்ததுதானே' என்று மூத்தோர் சிலர் சொல்லக்கூடும். துறையின் உச்சியில் தெரிந்திருக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. ஒரு மூலிகைச் சாறு அல்லது அதிலிருந்து பிரித்த ஒரு சேர்மம், ரா 264.7 எனப்படும் எலி மேக்ரோபேஜ் செல்வரிசை, எல்.பி.எஸ்.; ஒரே ஒரு நேரப்புள்ளியில் வெஸ்டர்ன் பிளாட்; பாஸ்பேட் ஏறிய பி38இன் பட்டை மங்குகிறது; கணினி டாக்கிங்கில் அச்சேர்மம் பி38இன் ஏ.டி.பி. குழியில் பொருந்துகிறது. முடிவுரை: 'இச்சேர்மம் பி38ஐத் தடுத்து அழற்சியை அடக்குகிறது, எதிர்கால மருந்தாகும் வாய்ப்புள்ளது.' மூலிகையின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார்.

இந்த முடிவுரையில் உள்ள முரண் அதை எழுதுபவரின் கண்ணில் படுவதில்லை. ஏ.டி.பி. குழியில் அமரும் தடுப்பான், பி38 பிற புரதங்கள்மேல் பாஸ்பேட் ஏற்றுவதைத் தடுக்கும். பி38மேல் பாஸ்பேட்டை ஏற்றுவது எம்.கே.கே.3உம் எம்.கே.கே.6உம் ஆகும். எனவே, குழியை அடைத்ததால் பி38இன் சொந்தப் பட்டை மங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன பின்னூட்டம் அறுவதால் சில வேளைகளில் அது தடிக்கவும் கூடும். பட்டை மங்கினால் சேர்மம் அதற்கும் மேலே எங்கோ, எல்.பி.எஸ். ஏற்பியிலோ, செல்லின் பொதுநலத்திலோ கைவைத்திருக்கலாம். டாக்கிங் ஒரு கதையைச் சொல்கிறது, பிளாட் வேறொரு கதையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிவைக்கும் பசை 'சுவிட்ச்' என்ற சொல்தான். மேலும், ரா 264.7 ஏபெல்சன் வைரசால் புற்றாக்கப்பட்ட ஓர் எலிச் செல்வரிசை. தனித்து வளரும் அச்செல்லுக்குப் பக்கத்தில் மேல்தோல் செல்லும் இல்லை, குடல் உள்வரிச் செல்லும் இல்லை. செல்வகைக்கு ஏற்ப மாறும் ஒரு புரதத்தைப் பற்றிய பொதுமுடிவை அதில் மட்டும் நின்று எட்ட முடியாது.

இதன் இழப்பு மாணவருடையது. ஐந்தாண்டு உழைப்பும், உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் கடன் வாங்கி ஓட்டிய வாழ்க்கையும், 1994இலேயே எழுதிவிட்ட முடிவுரைக்கு இன்னொரு நகலாக முடிகின்றன. அதற்கும் மேலான இழப்பு நோயாளியுடையது. 'பி38ஐத் தடுக்கும் மூலிகை' என்ற ஆய்வுத்தாள் தலைப்பு நாளிதழ்ச் செய்தியாகி, பிறகு பொட்டலத்தின் மேலட்டை வாசகமாகிறது. விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவர் அதை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால், அழிந்த மூட்டு திரும்பாது.

கேட்பது பெரிதல்ல. நெறியாளர்கள் தங்கள் மாணவரின் ஆய்வுத்திட்டத்தில் சேர்க்கக்கூடியவை இவை. ஒன்று, ஒரே நேரப்புள்ளிக்கு மாறாக, 15 நிமிடம் தொடங்கி 24 மணிநேரம் வரை அளவீடு. இரண்டு, பி38இன் பட்டையோடு அதன் செயலைக் காட்டும் எம்.கே.2 அல்லது எச்.எஸ்.பி.27இன் பாஸ்பேட் அளவீடு. மூன்று, டி.என்.எஃப்.-ஐ அளக்கும் அதே தட்டில் இன்டர்லூகின்-10க்கும் ஒரு வரிசை. நான்கு, ஜே.என்.கே. உயர்கிறதா என்ற சோதனை. ஐந்து, எஸ்.பி.203580 போன்ற அறியப்பட்ட தடுப்பானோடு ஒப்பீடு. ஆறு, இரண்டாவது ஒரு செல்வகை, இயன்றால் முதன்மைச் செல். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சில எதிர்ப்பான் குப்பிகளும், எதிர்மறை முடிவு வந்தாலும் ஆய்வேட்டை ஏற்கும் மனமும் போதும்.

பாடம் நடத்துவோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பி38ஐப் பற்றிய வகுப்பில், அது கண்டறியப்பட்ட கதைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அதன் தடுப்பான்கள் தோற்ற கதைக்கு ஒதுக்கலாம். க்ரோன் ஆய்வின் சி.ஆர்.பி. இறங்கி மீண்டும் ஏறிய விவரத்தைக் கரும்பலகையில் கோடாக வரைந்து, 'ஏன் மீண்டது?' என்று கேட்டு வகுப்பை விட்டுவிடலாம். அந்த 284 பேரும், பின்னர் வந்த 3,503 பேரும் தங்கள் உடலைக் கொடுத்து எழுதிய விடை அதில் இருக்கிறது. அதைப் படிக்காமல் அடுத்த தலைமுறைக்குப் பழைய அம்புக்குறிப் படத்தையே கையளிப்பது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.